பிறந்த குழந்தையின் கண்ணில் ஒரு துளி: கிரெடே முறையின் வரலாறு

குழந்தை பிறந்தவுடன் அதன் இரு கண்களிலும் கிருமிகளை அழிக்கும் மருந்தை ஒரு துளி இட்டு, பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றக்கூடிய கண் அழற்சியைத் தடுக்கும் வழக்கம் கிரெடே முறை எனப்படுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவமனையின் இயக்குநராக இருந்த கார்ல் சிக்முண்ட் பிரான்ஸ் கிரெடே (1819–1892) என்பவர் 1880-ஆம் ஆண்டில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் பயன்படுத்திய மருந்து, 2 விழுக்காடு செறிவுள்ள வெள்ளி நைத்திரேட்டுக் கரைசல் (சில்வர் நைட்ரேட்).

அதுவரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகள் பார்வை இழப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்த நோய், இந்த எளிய செயலால் சில பத்தாண்டுகளில் அரிதாகிவிட்டது. இன்று வெள்ளி நைத்திரேட்டுக்குப் பதிலாக வேறு மருந்துகள் வந்துவிட்டன. சில நாடுகள் இவ்வழக்கத்தையே கைவிட்டுள்ளன. ஆயினும் கிரெடே எடுத்த முடிவொன்று இன்றும் விவாதிக்கப்படுகிறது. நோய் யாருக்கு வரும் என்று பிரித்துப் பார்க்காமல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்திட வேண்டும் என்பதே அந்த முடிவு.

நோயின் இயல்பு

பிறந்த முதல் 28 நாட்களுக்குள் குழந்தையின் கண்ணில் தோன்றும் விழிவெண்படல அழற்சி, பிறந்த குழந்தைக் கண் அழற்சி என்று வகைப்படுத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் 'மெட்ராஸ் ஐ' என்று அழைக்கப்படுவதும் விழிவெண்படல அழற்சிதான். ஆனால் அது பெரும்பாலும் வைரசால் வந்து சில நாட்களில் தானாகவே ஆறிவிடும். பிறந்த குழந்தைக்கு வருவது அப்படிப்பட்டதன்று. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியது வெட்டை நோயை (கொனோரியா) உண்டாக்கும் கொனோகாக்கசு என்ற பாக்டீரியா.

தாயின் பிறப்புவழியில் இக்கிருமி இருந்தால், குழந்தை அவ்வழியே வெளிவரும்போது அதன் கண்களில் ஒட்டிக்கொள்கிறது. சிகிச்சை பெறாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 30 முதல் 50 வரை இவ்வாறு தொற்றுக்கு உள்ளாகலாம். பிறந்த 2 முதல் 5 நாட்களில் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். இமையைப் பிரித்தால் மஞ்சள் நிறச் சீழ் வழியும். மற்றப் பல கிருமிகள் கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தால்தான் உள்ளே புகும். கொனோகாக்கசு காயமற்ற கருவிழியையும் துளைக்க வல்லது. கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாட்களுக்குள் கருவிழியில் புண் உண்டாகி ஓட்டை விழலாம். புண் ஆறினாலும் வெண்மையான வடு தங்கிப் பார்வையை மறைத்துவிடும்.

தாய்க்கு நோய் இருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது என்பது இதன் இன்னொரு இயல்பு. பெண்களில் வெட்டை நோய் எந்த அறிகுறியும் இல்லாமல் நீண்ட காலம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே கணவனிடமிருந்து தொற்று பெற்ற பெண்ணுக்கு, தனக்கு நோய் இருப்பது குழந்தையின் கண் வீங்கிய பிறகே தெரியவந்தது. பல வேளைகளில் அப்போதும் தெரியவரவில்லை.

காரணம் தேடிய காலம்

பிறந்த குழந்தையின் கண்ணில் சீழ் பிடிப்பதற்குக் குளிர்காற்று, கூசும் ஒளி, அழுக்கான அறை முதலியவையே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1750-இல் ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் தியோடர் குவெல்மால்ட்ஸ், தாயின் பிறப்புறுப்பில் ஏற்படும் கசிவுக்கும் குழந்தையின் கண் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். 1807-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பெஞ்சமின் கிப்சன் ஒருபடி மேலே சென்று தடுப்பு வழியையே கூறினார். பேறுகாலத்துக்கு முன்பே தாயின் நோயைக் குணப்படுத்த வேண்டும் என்றும், முடியாவிட்டால் பிறந்தவுடன் குழந்தையின் கண்களில் ஒட்டியிருக்கும் கசிவைக் கழுவி அகற்ற வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். ஆனால் இக்கருத்து பரவலான வழக்கமாக மாறவில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத விடை 1879-இல் கிடைத்தது. பிரெஸ்லாவ் நகரில் பணியாற்றிய 24 வயது மருத்துவர் ஆல்பர்ட் நைசர், வெட்டை நோயாளிகளின் சீழில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் ஒரு நுண்ணுயிரை நுண்ணோக்கியில் கண்டார். அதே உயிரி, கண் அழற்சியுற்ற பிறந்த குழந்தைகளின் சீழிலும் காணப்பட்டது. தாயின் நோயும் குழந்தையின் நோயும் ஒன்றே என்பதற்கு இது சான்றாயிற்று.

லைப்சிக் மருத்துவமனையில்

கிரெடே பெர்லினில் பிறந்தவர். 1856 முதல் லைப்சிக்கில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராகவும் மருத்துவமனை இயக்குநராகவும் பணியாற்றினார். குழந்தை பிறந்த பின் நஞ்சுக்கொடியை வயிற்றின் மேலிருந்து அழுத்தி வெளிக்கொணரும் முறையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மகளிர் மருத்துவத்துக்கான ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராகவும் அவர் இருந்தார்.

அக்காலத்து ஐரோப்பிய மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வசதியுள்ள பெண்கள் வருவதில்லை. அவர்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். மருத்துவமனையை நாடியவர்களில் பெரும்பாலோர் ஏழைகளும் மணமாகாத தாய்மாரும் ஆவர். கிரெடேயின் மருத்துவமனையில் 1870-களில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 100-க்கு 10 பேர் கண் அழற்சிக்கு உள்ளாயினர்.

நோய் பிறப்புவழியிலேயே தொற்றுகிறது என்று உணர்ந்த கிரெடே, முதலில் தாய்மாருக்கே சிகிச்சை அளித்தார். நோய்க்குறி உள்ள பெண்களின் பிறப்புவழியைப் பேறுகாலத்துக்கு முன்பும் பேற்றின்போதும் மருந்து நீரால் கழுவச் செய்தார். நோய் ஓரளவு குறைந்ததே தவிர மறையவில்லை. ஆகவே அவர் தாயை விட்டுக் குழந்தையின் கண்ணின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். முதலில் வெண்காரம் கலந்த நீரால் கண்களைக் கழுவிப் பார்த்தார். அதில் பயன் கிட்டாததால் வெள்ளி நைத்திரேட்டைத் தேர்ந்தெடுத்தார்.

வெள்ளி நைத்திரேட்டு புதிய மருந்தன்று. சீழ் பிடித்த கண்களுக்குச் சிகிச்சையளிக்க மருத்துவர்கள் அதை முன்பிருந்தே பயன்படுத்தி வந்தனர். அதில் உள்ள வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களோடு பிணைந்து அதை அழிக்கின்றன. நோய் வந்த பிறகு தரப்பட்ட அம்மருந்தை நோய் வருவதற்கு முன்பே தந்ததுதான் கிரெடே செய்த புதுமை.

தொடக்கத்தில், நோயுள்ளவர்கள் என்று கருதப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டுமே மருந்து இடப்பட்டது. அக்குழந்தைகள் தப்பின. ஆனால் நோயில்லாதவர்கள் என்று விட்டுவைக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளில் சிலருக்குக் கண் அழற்சி வந்தது. நோயுள்ள தாய் யார், இல்லாதவர் யார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது இதனால் தெளிவாயிற்று. 1880 ஜூன் மாதம் முதல் அம்மருத்துவமனையில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் விதிவிலக்கின்றி மருந்து இடப்பட்டது.

செய்முறை மிக எளியது. தொப்புள்கொடியை அறுத்துக் குழந்தையைக் குளிப்பாட்டியபின், கண்களின் வெளிப்புறம் தூய நீரால் துடைக்கப்படும். பிறகு இமைகளை மெல்ல விலக்கி, ஒரு கண்ணாடிக் குச்சியின் நுனியால் கரைசலில் ஒரு துளியை எடுத்துக் கருவிழியின் மேல் விட வேண்டும். இது ஒரு முறை மட்டுமே செய்யப்படும். இதைச் செய்ய மருத்துவர் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சியே செய்யலாம்.

அதன்பின் நோய் கண்ட குழந்தைகளின் அளவு 100-க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கிரெடே இம்முடிவுகளை 1881-இல் தம் ஆய்விதழில் வெளியிட்டார். 1884-இல் அதைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

எல்லாருக்கும் என்ற முடிவு

வெட்டை நோய் அன்று வெளியே சொல்லக் கூசும் நோய். குழந்தைக்கு மருந்திட வேண்டுமா என்று முடிவு செய்யத் தாயை விசாரிப்பதாயின், அவளுடைய ஒழுக்கத்தையும் கணவனுடைய ஒழுக்கத்தையும் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருந்திருக்கும். உண்மையைச் சொல்ல விரும்பாதவர்களும் உண்மையை அறியாதவர்களுமே மிகுதி. நோயுள்ளவர்களின் குழந்தைகளுக்கு மட்டும் என்று மருந்தை வரையறுத்திருந்தால், மருந்திடுவதே தாயின் மேல் குத்தப்பட்ட முத்திரையாகியிருக்கும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் என்று ஆனபோது அந்தக் கேள்விக்கே இடமில்லாமற் போயிற்று. தொப்புள்கொடியை அறுப்பது போல, குளிப்பாட்டுவது போல, மருந்திடுவதும் பிறப்பின் வழக்கமான செயல்களில் ஒன்றாகிவிட்டது. கிரெடே இதைச் சமூகச் சீர்திருத்தமாகக் கருதிச் செய்யவில்லை. பிரித்தறிய இயலாது என்ற நடைமுறைக் காரணமே அவரை இதற்குக் கொண்டுவந்தது. ஆனால் இம்முறை விரைவாகப் பரவியதற்கு, அது யாரையும் குற்றவாளியாக்காமல் செயல்பட்டதும் ஒரு காரணமாகும்.

சட்டங்களும் பரப்புரையும்

ஐரோப்பிய மருத்துவமனைகள் கிரெடே முறையைச் சில ஆண்டுகளிலேயே ஏற்றன. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் அன்று வீடுகளிலேயே பிறந்தன. அங்கு இம்முறையைக் கொண்டுசெல்வதற்குச் சட்டமும் பரப்புரையும் தேவைப்பட்டன.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கண் மருத்துவர் லூசியன் ஹோவின் முயற்சியால் 1890-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிறந்த குழந்தையின் கண் சிவந்தாலோ வீங்கினாலோ மருத்துவச்சிகளும் செவிலியரும் அதை உடனே தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. பின்னர் பல மாநிலங்கள் தடுப்பு மருந்தையே கட்டாயமாக்கின. சில மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் வெள்ளி நைத்திரேட்டை மருத்துவச்சிகளுக்கு இலவசமாக வழங்கின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கப் பார்வையற்றோர் பள்ளிகளில் சேர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்நோயால் பார்வை இழந்தவர்களே. மருந்து கண்டறியப்பட்டு ஒரு தலைமுறை கடந்த பின்னும் நிலை இவ்வாறிருந்தது. இதற்கு அறியாமையைப் போலவே மௌனமும் காரணமாயிற்று. பெண்கள் படிக்கும் இதழ்களில் வெட்டை நோயைப் பற்றி எழுதுவது பண்பற்றது என்று கருதப்பட்டது. இந்த மௌனத்தைக் கலைத்தவர்களில் முதன்மையானவர் ஹெலன் கெல்லர். அவர் பார்வையும் செவிப்புலனும் இழந்தது 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த வேறொரு நோயால். ஆயினும் தடுத்திருக்கக் கூடிய பார்வையிழப்பு என்ற பொருளைக் கையிலெடுத்து, பெருவாரியாக விற்பனையான லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற பெண்கள் இதழில் அதன் காரணத்தை மறைக்காமல் எழுதினார். 1908-இல் லூயிசா லீ ஸ்கைலர் நியூயார்க்கில் தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புக் குழு, பின்னர் நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது.

பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு மருத்துவச்சிகள் பலர் தடுப்பு மருந்தைப் பயன்படுத்தினர். ஆனால் அரசு முதன்மையாக நம்பியது, நோயை விரைவில் கண்டு சிகிச்சையளிப்பதையே. 1914-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்நோய் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிறந்து 21 நாட்களுக்குள் கண்ணில் சீழ் வடிந்தால் சுகாதார அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும் என்பது விதி.

வெள்ளி நைத்திரேட்டின் குறைகள்

இம்மருந்து குறையற்றதன்று. மருந்திட்ட குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சில மணி நேரத்தில் கண் சிவந்து நீர் வடியும். இது கிருமியால் வருவதன்று. மருந்தின் எரிச்சலால் வருவது. ஒன்றிரண்டு நாட்களில் அது தானாக மறைந்துவிடும். ஆயினும் அதுவரை இமைகள் வீங்கியிருப்பதால், பிறந்த முதல் மணி நேரங்களில் தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு அது தடையாகிறது என்ற மனக்குறை பிற்காலத்தில் எழுந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து செறிவைப் பொறுத்தது. திறந்த புட்டியில் வைத்த கரைசலில் நீர் ஆவியாக ஆக மருந்தின் செறிவு கூடும். செறிவு மிகுந்த வெள்ளி நைத்திரேட்டு கண்ணையே பொசுக்கிவிடும். பார்வையைக் காக்க வந்த மருந்தே அதைப் பறித்த விபத்துகளும் நேர்ந்தன. இதனால் செறிவு 2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஒரு குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு மெழுகுக் குப்பிகளில் அடைத்து விற்கும் வழக்கமும் வந்தது. குப்பியை ஊசியால் குத்தித் துளியைப் பிழிந்துவிட்டு எறிந்துவிடலாம்.

மூன்றாவது குறை, கிளமிடியா என்ற மற்றொரு பாக்டீரியாவை இம்மருந்தால் சரிவரத் தடுக்க முடியாதது. கிளமிடியாவும் பிறப்புவழியில் தொற்றி, பிறந்த 5 முதல் 14 நாட்களில் கண் அழற்சியை உண்டாக்குகிறது. அது கொனோகாக்கசைப் போல விரைந்து பார்வையைப் பறிப்பதில்லை. ஆனால் குழந்தைக்கு நுரையீரல் அழற்சியையும் தரவல்லது. கண்ணில் இடும் எந்த மருந்தும் அந்த நுரையீரல் நோயைத் தடுப்பதில்லை.

எதிருயிரி மருந்துகளின் காலம்

1940-களில் பெனிசிலின் வந்தது. அதற்கு முன், நோய் கண்ட குழந்தையின் கண்ணைச் செவிலியர் இரவும் பகலும் விடாமல் கழுவி வர வேண்டியிருந்தது. பெனிசிலின் இந்நோயைக் குணப்படுத்தக் கூடியதாக்கியது. தடுப்புக்கும் எதிருயிரிக் களிம்புகள் பயன்படத் தொடங்கின. அவற்றுள் 0.5 விழுக்காடு எரித்ரோமைசினும் 1 விழுக்காடு டெட்ராசைக்ளினும் பரவலாயின. அமெரிக்காவில் வெள்ளி நைத்திரேட்டின் இடத்தை எரித்ரோமைசின் களிம்பு முழுமையாகப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனோ 1950-களில் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்திடும் வழக்கத்தையே விட்டுவிட்டது.

பாலியல் நோய்களுக்குச் சிகிச்சை எளிதில் கிட்டாத நாடுகளில் இந்நோய் தொடர்ந்தது. கென்யத் தலைநகர் நைரோபியில் 2,732 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1988-இல் வெளியாயிற்று. கொனோகாக்கசுக் கண் அழற்சியை வெள்ளி நைத்திரேட்டு 83 விழுக்காடும், டெட்ராசைக்ளின் 93 விழுக்காடும் குறைத்தன என்று அது காட்டியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் கிரெடேயின் மருந்து பயனுடையதாகவே இருந்தது.

1995-இல் கென்யாவிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, 3,117 குழந்தைகளிடம் 2.5 விழுக்காடு போவிடோன் அயோடின் கரைசலைச் சோதித்தது. புண்ணுக்குத் தடவும் பழுப்பு நிற மருந்தாக எல்லாரும் அறிந்ததே இது. அது மற்ற இரு மருந்துகளைவிட நன்றாகவே கண் தொற்றைத் தடுத்தது. அதன் விலையும் குறைவு. பாக்டீரியாக்கள் அதற்கு எதிர்ப்புத்திறன் பெறுவதும் இல்லை. கண்ணைச் சுற்றிச் சிறிது நேரம் பழுப்புக் கறை தங்குவதால், எந்தக் குழந்தைக்கு மருந்திட்டாயிற்று என்பதும் செவிலியருக்கு எளிதில் தெரிந்துவிடும்.

இன்றைய விவாதம்

இன்று கருவுற்ற பெண்ணுக்கு வெட்டை நோயும் கிளமிடியாவும் உள்ளனவா என்று ஆய்வகச் சோதனையில் கண்டறியலாம்; இருந்தால் பேறுகாலத்துக்கு முன்பே குணப்படுத்தலாம். 1807-இல் கிப்சன் விரும்பியது இதுதான். கிரெடே முயன்று முடியாமற் போனதும் இதுவே. தாயைக் குணப்படுத்தினால் குழந்தையின் கண்ணும் நுரையீரலும் காக்கப்படுகின்றன; தாயின் உடல்நலமும் காக்கப்படுகிறது.

இக்காரணத்தைக் காட்டிக் கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம், எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்திடுவதை இனிப் பரிந்துரைக்கவில்லை என்று 2015-இல் அறிவித்தது. கருவுற்ற பெண்கள் அனைவரையும் சோதிப்பதே சிறந்த வழி என்பது அதன் நிலைப்பாடு. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு இதற்கு மாறாக, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்திட வேண்டும் என்ற தன் பரிந்துரையை 2019-இல் மீண்டும் உறுதிசெய்தது. உலக சுகாதார அமைப்பும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்தைப் பரிந்துரைக்கிறது.

இரு தரப்பும் ஒரே அறிவியலை வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. மருத்துவச் சோதனை எல்லாத் தாய்மாரையும் எட்டுகிறதா என்பதில்தான் வேறுபாடு. பேறுகாலத்துக்கு முன் ஒரு முறைகூட மருத்துவரைக் காணாத பெண், சோதனையை நம்பியிருக்கும் ஏற்பாட்டிலிருந்து விடுபட்டுப் போகிறாள். சோதனைக்குப் பிறகு கணவனிடமிருந்து மீண்டும் தொற்று பெற்றவளும் அப்படியே. கண்ணில் இடும் துளியோ, குழந்தை பிறக்கும் இடத்தில் யாராவது ஒருவர் இருந்தாலே போதும் என்ற நிலையில் செயல்படுகிறது. தாய்க்குரிய மருத்துவம் எங்கும் எட்டும் நாட்டில் அத்துளிக்கு வேலை குறைவு. எட்டாத நாட்டில் அதை நிறுத்தினால் இழப்பு குழந்தைக்கே.

தடுப்பு மருந்து இட்டாலும் இடாவிட்டாலும், பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தையின் இமை வீங்கினாலோ, கண் சிவந்து சீழ் வடிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொற்று உண்டானபின் தடுப்புத் துளி அதைக் குணப்படுத்தாது. அதற்கு ஊசிவழியோ வாய்வழியோ தரப்படும் எதிருயிரி மருந்து தேவை. கண்மை இடுவது, வீட்டு வைத்தியமாக எதையாவது கண்ணில் விடுவது ஆகியவற்றைக் குழந்தை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வதும் இக்காரணத்தால்தான். அவை புதிய கிருமிகளைச் சேர்ப்பதோடு சிகிச்சைக்குரிய நேரத்தையும் வீணாக்குகின்றன. கொனோகாக்கசு கருவிழியைத் துளைக்க ஒரு நாள் போதும்.

கிரெடே 1892-இல் லைப்சிக்கில் காலமானார். அவருடைய கரைசலும் கண்ணாடிக் குச்சியும் வழக்கொழிந்துவிட்டன. தாயின் நோயை ஆராய்ந்து கொண்டிராமல் குழந்தையின் கண்ணை முதலில் காப்பது என்ற அவருடைய வழி மட்டும், உலகின் பல மகப்பேறு அறைகளில் இன்றும் பின்பற்றப்படுகிறது.